டப்பா விலையும் கை வேலையும்

கேள்வி: “இந்த ஃபேஷியல் கிரீம் உங்களுக்கு என்ன விலைக்கு விழுது?” என்று என் பார்லரில் துருவுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: கட்டணத்தைச் சொல்வது உங்கள் கடமை, கொள்முதல் விலையைச் சொல்வது அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருவது சேவையின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமை. உங்கள் லாபக் கணக்கைப் பார்க்கும் உரிமையல்ல. ‘டப்பாவில் எம்.ஆர்.பி. இருக்கிறதே’ என்பார்கள். கிரீமைத் தனியாக விற்றால்தான் அந்த வரம்பு. ஓட்டலில் பரிமாறும் தண்ணீர் பாட்டிலில் சேவையும் சேர்வதால் எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. மறைத்தால் சந்தேகம் வராதா? வரும். ஆகவே பிராண்டையும் காலாவதித் தேதியையும் கேட்காமலே காட்டுங்கள். தோலில் படுவதை விசாரிப்பது துருவல் அல்ல. விலைக்கு மட்டும், “கிரீம், கை வேலை, வாடகை எல்லாம் அடக்கம் மேடம்” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.