ஆப்பிள் சாறு பிழிதலும் சைடர், ஒயின் ஆக்குதலும்

ஹிமாசலப் பிரதேசத்தின் குலுப் பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் 1870ஆம் ஆண்டு வாக்கில் காப்டன் லீ என்பவர் ஆப்பிள் தோட்டம் அமைத்தார். 1916ஆம் ஆண்டையொட்டி, சிம்லா மலைப் பகுதியிலுள்ள கோட்கரில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் அமெரிக்க டெலிஷஸ் இனங்களைப் பயிரிட்டுப் பரப்பினார். இன்று அம்மாநிலத்து மலைவாழ் குடும்பங்கள் பலவற்றின் ஆண்டு வருமானம் இக்கனியையே நம்பியிருக்கிறது.

எனினும் மரத்தில் விளையும் கனி யாவும் சந்தைக்குச் செல்வதில்லை. இளங்காய்ப் பருவத்தில் பெய்யும் ஆலங்கட்டி மழை தோலில் வடுவை உண்டாக்குகிறது. அளவிற் சிறியனவும், நிறம் ஏறாதனவும், உருவம் கோணியனவும் தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படுகின்றன. இவற்றின் ஒரு பகுதியை அரசு கொள்முதல் செய்து, பர்வானூ போன்ற இடங்களிலுள்ள சாறு ஆலைகளுக்கு அனுப்புகிறது. சாலையினின்று தொலைவிலுள்ள தோட்டக்காரருக்கோ சுமைகூலியே கனியின் விலையை விழுங்கிவிடுகிறது. “இதைப் பிழிந்து நாமே ஏதேனும் செய்துகொள்ளலாகாதா?” என்று அவர் விரிவாக்க ஊழியரைக் கேட்பது இயல்பே. அக்கேள்விக்குப் பொறுப்புடன் விடையளிக்க வேண்டிய விஷயங்கள் இப்பாடத்தில் தொகுத்துரைக்கப்படுகின்றன.

1. சொற்பொருள் விளக்கம்

அமெரிக்க நூல்களில் “சைடர்” என்பது பெரும்பாலும் நொதிக்காத, வடிகட்டாத சாற்றைக் குறிக்கும். பிரிட்டிஷ் நூல்களில் அது நொதித்த பானத்தையே குறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாது செய்முறைகளைப் படிப்போர் குழப்பமடைவர். இப்பாடத்தில், சாற்றிலுள்ள இயற்கைச் சர்க்கரை மட்டும் நொதித்து உண்டாகும் 5 முதல் 7 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பானம் சைடர் எனப்படும். சர்க்கரை சேர்த்து நொதிக்கவைத்து, 11 அல்லது 12 விழுக்காடு வரை உயர்த்திய பானம் ஆப்பிள் ஒயின் எனப்படும். நொதிக்காதது சாறு என்றே வழங்கப்படும்.

2. சட்டத்தின் நிலை

மதுபானங்களை ஆக்குதலும் வைத்திருத்தலும் விற்றலும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு மாநிலத்தின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஹிமாசலப் பிரதேசத்தில் 2011ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டம் உள்ளது. குஜராத்தில் முழு மதுவிலக்கு நெடுங்காலமாக இருந்துவருகிறது. பிகாரில் அது 2016இல் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஓரளவு ஆப்பிள் விளைகிறதெனினும், அங்குள்ளவர் ஹிமாசல விதியைக் காட்டித் தம் வீட்டில் சைடர் ஆக்க முற்படலாகாது.

ஊழியர் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். அரசு ஊழியர் கூறியதாகச் சொல்லி ஒரு விவசாயி தண்டனைக்கு உள்ளாவாரேயாயின், இழந்த நம்பிக்கையை மீட்பது அரிது. நொதித்தலைத் தொடங்குமுன் மாவட்ட ஆயத்தீர்வை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெறும்படி அறிவுறுத்த வேண்டும். காய்ச்சி வடித்தல் முற்றிலும் வேறான செயல். அதற்கு எவ்வகையிலும் வழி கூறலாகாது.

3. கனியைத் தெரிந்தெடுத்தல்

இம்முறையின் வெற்றியும் அபாயமும் இங்கேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்ட கனி வேறு, கெட்ட கனி வேறு. ஆலங்கட்டியால் ஏற்பட்டு ஆறிய வடு, சிறிய உருவம், வெளிர் நிறம் ஆகியவை சாற்றுக்குக் குறையல்ல. அழுகலும் பூஞ்சணமும் கொண்ட கனி எதற்கும் ஆகாது. ஆப்பிளில் நீலப் பூஞ்சணத்தை உண்டாக்கும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்பது பட்டுலின் என்னும் நச்சுப் பொருளைச் சுரக்கிறது. இது சாற்றைக் காய்ச்சுவதால் அழிவதில்லை. நொதித்தலின்போது பெரும்பகுதி சிதைகிறதெனினும், அதனை நம்பிப் பூஞ்சணக் கனியைச் சேர்த்தல் தவறு. ஆப்பிள் சாற்றில் இந்நச்சு கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது சர்வதேச வரம்பு.

தரையில் உதிர்ந்த கனி செலவின்றிக் கிடைப்பதால் அதனையே முதலில் பிழிய விவசாயி விரும்புவார். ஆனால் கால்நடை மேய்ந்த நிலத்தில் சாணத்தின் வழியாக நோய்க் கிருமிகள் கனியில் ஒட்டிக்கொள்ளும். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும், காய்ச்சாத ஆப்பிள் சாற்றிலிருந்த ஈ. கோலி ஓ157 என்னும் பாக்டீரியாவால் பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. சாற்றின் புளிப்பு கிருமியை அழித்துவிடும் என்னும் எண்ணம் தவறென்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆகவே மரத்திலிருந்து பறித்த கனியையே பிழிதல் வேண்டும்.

முற்றிய கனியா என்பதை அயோடின் கரைசலால் அறியலாம். கனியைக் குறுக்கே வெட்டி அக்கரைசலைத் தடவினால், மாச்சத்து உள்ள இடம் கருநீலமாக மாறும். பெரும்பகுதி நிறம் மாறாதிருப்பின் மாச்சத்து சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். பறித்த கனியை நிழலில் ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் சதை சற்று மென்மையடைந்து பிழிவதற்கு எளிதாகும்.

டெலிஷஸ் இனங்கள் இனிப்பு மிக்கவை. புளிப்பும் துவர்ப்பும் அவற்றில் குறைவு. அவற்றை மட்டும் பிழிந்தால் பானம் சப்பென்றிருக்கும்; எளிதிற் கெடவும் கூடும். கிரானி ஸ்மித் போன்ற புளிப்பினத்தையோ, மகரந்தச் சேர்க்கைக்காகத் தோட்டங்களில் நடப்படும் காட்டு ஆப்பிளையோ ஒரு பங்கு கலப்பது நலம்.

4. அரைத்தலும் பிழிதலும்

கனியை ஓடும் நல்ல நீரில் இருமுறை கழுவி, அடிபட்ட பகுதிகளை வெட்டி நீக்குக. துருவியோ, மர உருளைகள் கொண்ட பொறியில் நசுக்கியோ சிறு துணுக்குகளாக்குக. விதை அரைபடலாகாது, அதில் அமிக்டலின் என்னும் பொருள் உண்டு, அது சிதைந்தால் ஹைட்ரோசயனிக் அமிலத்தைத் தரும்.

அரைத்த விழுது காற்றுப்பட்டுப் பழுப்பு நிறமாவதைக் காணலாம். கனியிலுள்ள நொதிப்பொருள் ஒன்று, பிராணவாயுவின் துணையால் துவர்ப்புப் பொருள்களை மாற்றுவதே இதன் காரணம். விழுதைக் கொதிநீரில் அலசிய பருத்தித் துணியில் மடித்து, அடுக்கடுக்காக வைத்து, திருகு அழுத்தியில் பிழிய வேண்டும். அடுக்குகளுக்கிடையே மரச்சட்டம் வைத்தால் சாறு வடிய வழி கிடைக்கும். திருகை ஒரேயடியாக இறுக்கினால் துணி கிழியும். சிறிது இறுக்கி, வடிந்தபின் மீண்டும் இறுக்குதலே முறை. 10 கிலோகிராம் கனியிலிருந்து வீட்டு அழுத்தியில் 5 முதல் 6½ லிட்டர் வரை சாறு எதிர்பார்க்கலாம்.

பாத்திரங்கள் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, உணவுக்குரிய பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆனவையாக இருத்தல் வேண்டும். இரும்பு, செம்பு, துத்தநாகப் பூச்சு ஆகியவற்றைச் சாற்றின் அமிலம் கரைக்கும். சக்கையைப் புதிதாக இருக்கும்போதே வேறு தீவனத்துடன் அளவாகக் கலந்து மாடுகளுக்கு இடலாம்.

சாறாகவே பருக விரும்புவோர், வடிகட்டிய சாற்றைப் புட்டிகளில் நிரப்பி மூடி, 80 முதல் 85 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் சுமார் 30 நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே தக்க முறை. சட்டத் தடையும் இதற்கு இல்லை. விற்பனை செய்வதாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும்.

5. நொதித்தலின் இரசாயனம்

சாறு நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நிலைநாட்டினார். ஈஸ்டின் உடலிலிருந்து பிரித்தெடுத்த சாறும் அதனைச் செய்யவல்லது என்று 1897இல் எட்வர்டு பூக்னர் காட்டினார். 1907இல் நோபல் பரிசும் பெற்றார்.

180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். ஒரு லிட்டர் சாற்றில் 100 கிராம் சர்க்கரை இருப்பின், சுமார் 6 விழுக்காடு ஆல்கஹாலும் ஏறக்குறைய 25 லிட்டர் கரியமில வாயுவும் உண்டாகும். அதாவது 10 லிட்டர் ஜாடி ஒன்று 250 லிட்டர் வாயுவை வெளியிடும். பின்னர் கூறப்படும் எச்சரிக்கைகளுக்கு இக்கணக்கே அடிப்படை.

6. செய்முறை

அனுமதி பெற்றோர் பின்வருமாறு செய்யலாம்.

(அ) சாற்றின் ஒப்படர்த்தியை ஹைட்ராமீட்டரால் அளந்து எழுதிவைக்க. அது பொதுவாக 1.045 முதல் 1.055 வரை இருக்கும். ஒயினுக்கு 1.085 வரை உயர்த்த வேண்டும். 1.050 உள்ள சாற்றுக்கு லிட்டருக்குச் சுமார் 90 கிராம் சர்க்கரை தேவைப்படும்.

(ஆ) அமிலத் தன்மையைச் சோதனைத் தாளால் அறிக. பி.எச். 3.8க்கு மேற்பட்டால் மாலிக் அமிலமோ புளிப்புக் கனிச் சாறோ சேர்த்துக் குறைக்க வேண்டும்.

(இ) வேண்டாத கிருமிகளை அடக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு சேர்க்கப்படும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி கந்தக டையாக்சைடாகக் கிடைக்கும். பி.எச். 3.3 முதல் 3.5 வரை இருப்பின் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு போதும். அதாவது 10 லிட்டருக்கு 2 கிராம் உப்பு. தராசில் நிறுத்தே இடுக; கண்ணளவு கூடாது. ஆஸ்துமா உடையோருக்கு இது தீங்கு விளைவிக்கலாம்.

(ஈ) 24 மணி நேரம் கழித்து, ஒயினுக்குரிய உலர் ஈஸ்டை 10 லிட்டருக்குச் சுமார் 2 கிராம் வீதம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சேர்க்க.

(உ) ஜாடியில் ஐந்தில் நான்கு பங்கே நிரப்பி, வாயு வெளியேறவும் காற்று உட்புகாதிருக்கவும் நீர்ப்பூட்டு அமைக்க. 15 முதல் 20 டிகிரி வெப்பம் ஏற்றது. நுரை அடங்கியபின் கழுத்து வரை சாற்றால் நிரப்புக.

(ஊ) சைடர் இரண்டு முதல் நான்கு வாரங்களிலும், ஒயின் அதற்கு மேலும் நொதித்து முடியும். தெளிந்ததை ரப்பர்க் குழாயால் வண்டலைக் கலக்காமல் வேறு ஜாடிக்கு இறக்குக. சைடர் இரண்டு மூன்று மாதங்களும், ஒயின் ஆறு மாதங்களுக்குக் குறையாமலும் முதிர்தல் நலம்.

தொடக்க ஒப்படர்த்தியிலிருந்து இறுதி ஒப்படர்த்தியைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு தோராயமாகக் கிடைக்கும். 1.050இல் தொடங்கி 1.000இல் முடிந்தால் 6.5 விழுக்காடு.

7. இரு அபாயங்கள்

முதலாவது, புட்டி வெடித்தல். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை மீந்திருக்கும்போது புட்டியை அடைத்தால், உள்ளே மேலும் 5 லிட்டர் வாயு உண்டாகும். ஷாம்பேனுக்குரிய தடித்த புட்டியே அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும். ஒரு வார காலத்தில் மூன்று முறை அளந்தும் ஒப்படர்த்தி மாறாதிருந்தாலன்றிப் புட்டியில் அடைக்கலாகாது.

இரண்டாவது, மூச்சுத் திணறல். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையிலும் நிலவறையிலும் தாழ்ந்து தேங்கும். குளிருக்கு அஞ்சி, படுக்கும் அறையிலேயே ஜாடிகளை வைத்துச் சன்னல்களை அடைத்தல் உயிருக்கே ஆபத்து.

8. காடியாக மாறுதல்

சைடர் காற்றுப்பட நின்றால், அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றும். சைடருக்கு இது கேடு. காடிக்கோ இதுவே வழி. அகன்ற வாய்ப் பாத்திரத்தில் சைடரை ஊற்றி, காய்ச்சாத காடி நாலில் ஒரு பங்கு சேர்த்து, துணியால் மூடி, 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஓரிரு மாதம் வைத்தால் காடி கிடைக்கும். விற்பனைக்குரிய காடியில் குறைந்தது 3.75 விழுக்காடு அசிட்டிக் அமிலம் வேண்டும். காடியாக்குவோரும் இடையில் ஆல்கஹால் நிலையைக் கடப்பதால், அவர்களும் முன்னரே அனுமதி கேட்பது அவசியம்.

9. ஆசிரியர்களுக்கு

பள்ளியில் மாணவரைக் கொண்டு பானம் ஆக்குதல் கூடாது. நொதித்தலை மட்டும் விளக்கப் பின்வரும் சோதனை போதும். மூன்று குடுவைகளில் 10 கிராம் சர்க்கரை கரைந்த 100 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்க. முதலாவதில் ஈஸ்டும், இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்டும் இடுக. மூன்றாவதில் எதுவும் இடவேண்டாம். ஒவ்வொன்றிலிருந்தும் குழாயைச் சுண்ணாம்புத் தெளிவு நீரில் விடுக. முதற் குடுவையின் சுண்ணாம்பு நீர் மட்டும் பால்போல் மாறும். முடிந்ததும் திரவங்களை மாணவர் முன்னிலையிலேயே கொட்டிவிடுக.

வினாக்கள்: (1) இரண்டாவது குடுவையில் மாற்றம் நிகழாததன் காரணம் யாது? (2) 10 லிட்டர் சாறு நொதிக்கும் அறைக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டுவது ஏன்? (3) ஆலங்கட்டி வடுவுள்ள கனிக்கும் பூஞ்சணம் பிடித்த கனிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

10. முடிவுரை

தோட்டக்காரர் கேட்கும்போது ஊழியர் கூறத்தக்கது இதுவே: பறித்த நல்ல கனியைப் பிழிந்து, வெந்நீரில் பதப்படுத்திய சாறே முதல் வழி. காடி இரண்டாவது, சைடரும் ஒயினும் அனுமதி கிடைத்த இடத்தில் மட்டும். இவற்றுள் எதுவாயினும், எருக்குழிக்குச் செல்லவேண்டிய கனியைப் பிழிபொறிக்குக் கொண்டுவரலாகாது. வீணாகும் விளைவைக் காத்தல் நற்செயல்; அதனைப் பருகுவோரைக் காத்தல் அதனினும் முதற்கடமை.