எடுத்தாளும் அறம்

நுழையும்முன்

பிறர் கண்டறிந்தவற்றைக் கற்றே நாம் வளர்கிறோம். கற்றதை எடுத்தாள்வதற்கும் ஓர் அறம் உண்டு. அந்த அறம் தவறும்போது ஆசிரியர் வருந்துவது ஏன்? அதனைக் காத்த நம் முன்னோர் நமக்குத் தந்தது என்ன?

ஆசிரியரின் வருத்தம்

பருவத்தேர்வு நெருங்கும்போது கல்லூரி ஆசிரியரின் மேசைமீது ஒப்படைவுக் கட்டுரைகள் குவிகின்றன. முதற்கட்டுரையை ஆர்வத்துடன் படிக்கும் அவர், பத்தாவது கட்டுரையிலும் அதே தொடர்களைக் காண்கிறார். இணையப் பக்கத்தில் இருந்த எழுத்துப்பிழைகூட மாறாமல் இடம்பெற்றிருக்கிறது. கட்டுரையில் வரும் சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டால், எழுதியவரிடமிருந்து விடை வருவதில்லை.

மாணவர் எதனை விளங்கிக்கொண்டார், எங்கே இடறினார் என்பதை அவருடைய சொந்தத் தொடர்களே ஆசிரியருக்குக் காட்டும். படியெடுத்த கட்டுரையில் அந்த அடையாளம் இல்லை. கற்பிக்கும் வழி அடைபட்டுப் போவதே ஆசிரியரின் வருத்தம்.

குறிப்பேட்டில் உள்ளவாறே எழுதி மதிப்பெண் பெற்றுப் பழகியவர்க்குத் தம் சொற்களில் எழுத அச்சம் தோன்றுவது இயல்பே. ஆயினும், பிழையுடன் எழுதிய சொந்தத் தொடரைத் திருத்த முடியும். எழுதாத தொடரைத் திருத்த இயலாது.

கல்லும் சிமெண்டும்

கோவையை அடுத்த மதுக்கரை, சிமெண்ட் ஆலையால் பெயர்பெற்ற ஊர். சுண்ணாம்புக்கல்லை வெட்டி, அரைத்து, சூளையில் சுட்டு, மீண்டும் அரைத்த பிறகே சிமெண்ட் கிடைக்கிறது. நூல்களிலிருந்து பெறும் செய்தியும் அத்தகைய மூலப்பொருளே. அதனை ஆராய்ந்து, ஒப்பிட்டு, தம் முடிவைச் சேர்த்துத் தருவதே மாணவரின் உழைப்பு. வேறோர் ஆலையின் மூட்டையில் தம் பெயரைப் பொறித்து விற்பதை யாரும் தொழில் என்று கூறார். பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டும் கருத்துத் திருட்டும் அத்தகையதே.

கொங்கு நாட்டு உரையாசிரியர்

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், கொங்கு நாட்டு நிரம்பை என்னும் ஊரினர். இசை, நாடகச் செய்திகளை விளக்கும்போது தமக்குத் துணைநின்ற நூல்களை அவர் பெயர் சுட்டிக் கூறினார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகியவை அவை.

காலப்போக்கில் இந்நூல்கள் மறைந்தன. எனினும், இப்படிப்பட்ட நூல்கள் தமிழில் இருந்தன என்பதை அவர் உரை உலகுக்கு அறிவித்தது. அவ்வுரையுடன் கூடிய சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்தார். பின்னர், கொங்கு நாட்டுப் புலவர் வே. ரா. தெய்வசிகாமணியாரின் முயற்சியால் பஞ்சமரபு ஏட்டிலிருந்து 1970களில் அச்சேறியது. கிடைத்த ஏட்டின் அருமையை உணர்வதற்கு அடியார்க்கு நல்லாரின் குறிப்பே சான்றாக நின்றது.

அவர் நூற்பெயர்களை மறைத்து, அனைத்தையும் தம் கருத்தாகவே எழுதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? தமிழிசை வரலாற்றின் ஒரு பகுதி தடமின்றி அழிந்திருக்கும். மூலத்தைச் சுட்டுவது நன்றியறிதல் ஆகும். பின்வருவோர்க்கு வழிகாட்டுதலும் ஆகும்.

நேரிய எழுத்து

நூலைப் படித்தபின் அதனை மூடிவைத்து, விளங்கியதைத் தம் சொற்களில் எழுத வேண்டும். பிறர் தொடரை அவ்வாறே எடுத்தாள நேர்ந்தால் மேற்கோள் குறிக்குள் அமைக்க வேண்டும். சொற்களை மாற்றினாலும் கருத்து பிறருடையதாயின் ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைத் தம் எழுத்தாகக் காட்டுவதும் நேர்மையன்று.

சட்டமும் மென்பொருளும் குற்றத்தைக் கண்டறிய உதவும். சிந்திக்கும் பழக்கத்தை அவற்றால் தர இயலாது. தம் பெயரில் வெளிவரும் ஒவ்வொரு வரிக்கும் தாமே பொறுப்பு என்னும் உணர்வே மாணவரை அறிஞராக்கும்.

தெரிந்து தெளிவோம்

பல்கலைக்கழக மானியக்குழு, கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிற எழுத்துகளுடன் உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை எனில் 6 மாதத்திற்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு அளிக்க இயலாது. 60ஐக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றை, செய்தி கிடைத்த இடங்களைச் சுட்டி எழுதுக.
2. 'மூலத்தைச் சுட்டுவது எழுத்தின் மதிப்பைக் குறைக்குமா, கூட்டுமா?' – வகுப்பறையில் கலந்துரையாடுக.