பெற்றோலிற் கலந்த மதுசாரம்

மலர்க்குழுவினர் எம்மிடம் வேண்டியது தமிழ்க் கட்டுரையொன்று. யாம் தரப்போவதோ எரிபொருள் பற்றியது. தமிழாசிரியருக்கு இரசாயன கூடத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தலுங் கூடும். ஆயினும் சொல்லொன்றின் பொருளை ஆராயப் புகுந்தே இவ்விடயத்தில் இறங்கினோமாதலின், அச்சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம்.

எம் பழைய மாணவரொருவர் ஹுன்னஸ்கிரியக் கடைவீதிக்கு அண்மையில் சிறியதொரு கராச் நடத்தி வருகின்றார். முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும், தோட்டங்களிற் புல்வெட்டும் இயந்திரங்களும், மரமரியும் வாள்களுமே அவரிடம் மிகுதியாக வருவன. 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மழைநாளில் யாம் அங்கு ஒதுங்கி நின்றபோது அவர் கேட்டார்: “சேர், இந்தியாவிலே பெற்றோலுக்குள் ஐந்திலொரு பங்கு ஸ்பிரிற்று ஊற்றுகிறார்களாம். இதைக் கலவை என்று சொல்வதா, கலப்படம் என்று சொல்வதா?”

இவ்விரு சொற்களுக்கும் அடி ஒன்றே. சுண்ணாம்பும் மணலுஞ் சேர்வது கலவை; மிளகிலே பப்பாசி விதை சேர்வது கலப்படம். பொருளின் தன்மை கெடுவதாற் கலப்படமாகின்றது என்பர் சிலர். யாம் அதனை முற்றாக ஒப்புவதில்லை. வாங்குவோன் அறிந்து, அதற்குரிய விலை கொடுத்து, வேண்டுமென்று பெறுவது கலவை. அறியாமலோ, அறிந்தும் வேறு வழியின்றியோ, முழுவிலை கொடுத்துப் பெறுவது கலப்படத்தின் அயலிலே நிற்பது. பெற்றோலில் மண்ணெண்ணெய் ஊற்றுவோனைச் சட்டம் தண்டிக்கின்றது. எதனோலையோ சட்டமே ஊற்றுகின்றது. இவ்வேறுபாட்டினை ஆராய்வதற்குப் பொருளின் இயல்பு தெரிதல் வேண்டும்.

எதனோல் என்பது கள்ளிலும் சாராயத்திலும் உள்ள அதே மதுசாரமே. கரும்பின் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, அரிசி, சோளம் ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்து, நீர் முழுதும் நீக்கிப் பெறப்படுவது. பெற்றோலுக்கு இல்லாத இயல்புகள் இரண்டு இதற்குண்டு. நீரை விரும்பி உறிஞ்சுதல் ஒன்று. தன்னுள்ளே ஒட்சிசனை வைத்திருத்தல் மற்றொன்று. நிறையில் ஏறத்தாழ 35 வீதம் ஒட்சிசனே. மரம் பாதி எரிந்தபின் விறகாக விற்பது போன்றதென இதனைக் கொள்ளலாம். எனவே எஞ்சியுள்ள வெப்பம் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 32 மெகாயூல் வெப்பந் தருமாயின், ஒரு லீற்றர் எதனோல் 21 மெகாயூல் அளவே தரும்.

மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். நூற்றுக்கு இருபது பங்கு எதனோல் சேர்ந்த லீற்றரொன்றில் 0.8 லீற்றர் பெற்றோலும் 0.2 லீற்றர் எதனோலும் உள. முன்னையது 25.6, பின்னையது 4.2, கூட்டினால் 29.8. தனிப் பெற்றோலின் 32உடன் ஒப்பிடின் குறைவு ஏறத்தாழ 7 வீதம். இந்தியாவின் நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த திட்ட அறிக்கையும், தனிப் பெற்றோலுக்கென ஆக்கப்பெற்றுப் பத்துவீதக் கலவைக்குச் சீர்செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 வீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 வீதமும் ஓடுதூரம் குறையுமென்றே மதிப்பிட்டது. புதியனவாய், இருபது வீதத்திற்கென்றே சீர்செய்யப்பட்ட கார்களில் இழப்பு 1 முதல் 2 வீதமே என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

சிறு வீதம்தானே என்பாருளர். நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் எரிக்கும் முச்சக்கர வண்டியோட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறைவு நான்கு வீதமேயெனினும், நாளொன்றுக்கு 0.2 லீற்றர், மாதம் 25 நாள் ஓடினால் 5 லீற்றர். மாதத்தில் ஒரு நாள் முழுவதும் அவர் ஊதியமின்றி ஓடுகின்றார் என்பதே இதன் பொருள். 2022இல் இந்நாட்டில் எரிபொருட் பஞ்சம் நேர்ந்து, கியூஆர் அட்டை முறை வந்தபோது, ஆரம்பத்தில் முச்சக்கர வண்டியொன்றுக்கு வாரத்திற்கு ஐந்து லீற்றரே அளந்து கொடுக்கப்பட்டது. அந்த ஐந்து லீற்றருக்காகப் பெற்றோல் செட் வாயிலில் இரவு முழுதும் கிடந்தவர்களுக்கு நாம் சிறு வீதங்களைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து நீர் பற்றியது. இதனைக் கண்ணாற் காணவேண்டி, எம் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை வேண்டினோம். அவர் அளவுச் சாடியொன்றில் எண்பது மில்லிலீற்றர் பெற்றோலும் இருபது மில்லிலீற்றர் எதனோலும் ஊற்றினார். இரண்டும் ஒன்றாகித் தெளிந்து நின்றன. பின்னர் பத்து மில்லிலீற்றர் நீரை ஊற்றிக் குலுக்கி வைத்தார். சிறிது நேரத்தில் கீழே ஒரு படை, மேலே ஒரு படை. கீழ்ப்படை பத்தாகவே இருக்குமென்று யாம் எண்ணினோம். அதுவோ முப்பதை நெருங்கிற்று! எதனோல் தன் பழைய துணையைக் கைவிட்டு நீருடன் இறங்கிவிட்டது. பெற்றோலில் மதுசாரம் உண்டோ இன்றோ என்று சோதிக்கும் எளிய முறையும் இதுவேயென்று அவர் சொன்னார். (இதனை மாணவர் வீட்டில், அடுப்புக்கு அண்மையிற் செய்தல் ஆகாது.)

வண்டியின் தாங்கிக்குள் இதே காரியம் நிகழுமாயின், எரிபொருளைக் குழாய் உறிஞ்சுவது தாங்கியின் அடியிலிருந்தேயாதலின், இயந்திரத்துட் செல்வது நீருங் கலந்த மதுசாரமே, வண்டி நின்றுவிடும். சிறிதளவு நீரைக் கலவை தன்னுள் அடக்கிக்கொள்ளும் என்பது மெய்யே. எதனோல் கூடுந்தோறும் அவ்வாற்றலுங் கூடும். ஆயினும் குளிர் மிகுந்தால் அடக்கும் அளவு குறையும். ஹுன்னஸ்கிரியவின் மூடுபனியை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைத்தல் மிகை. நக்கிள்ஸ் மலைச்சாரலில் மாலை நான்கு மணிக்கே பாதை மறையும் நாட்கள் உண்டு. அரைத் தாங்கி எரிபொருளுடன் கூரையின்றி இரவு கழிக்கும் மோட்டார் சைக்கிள்கள் பல. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கப்படும் புல்வெட்டும் இயந்திரமும் மரவாளும் இன்னும் இடருக்குரியன. நாள்தோறும் ஓடும் வண்டியில் எரிபொருள் தங்குவதில்லை. கிடக்கும் இயந்திரத்திலேயே அது நீரேற்றுக் கெடுகின்றது.

பழைய இறப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் மதுசாரம் ஊதவும் வெடிக்கவுஞ் செய்யும். சில உலோகங்களை அரிக்கும். அன்றியும், பெற்றோல் ஒரு பங்கு எரிதற்கு நிறையால் 14.7 பங்கு காற்று வேண்டும். எதனோலுக்கு 9 பங்கே போதும். புதிய வண்டிகளில் ஒட்சிசன் உணர்கருவி இருத்தலால் அவை தாமே அளவைத் திருத்திக்கொள்ளும். காபரேற்றர் பூட்டிய பழைய வண்டிக்கு அவ்வறிவு இல்லை. மடுகொடையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும் பழைய முச்சக்கர வண்டி, எரிபொருள் மெலிந்து காற்று மிகுந்த நிலையில் இழுக்கும்போது சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நிற்க. இந்தியாவில் இது நிகழ்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 2003இல் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பிரதேசங்களிலும் ஐந்து வீதக் கலவை தொடங்கிற்று. பத்தாண்டு கழிந்தும், 2013-14இல், உண்மையிற் கலந்தது 1.53 வீதமே. 2018இல் உயிரெரிபொருட் கொள்கை வெளிவந்தது. 2030க்கென வைத்த இருபது வீத இலக்கு பின்னர் 2025-26க்கு முன்தள்ளப்பட்டது. 2022 ஜூனில் பத்து வீதமும், 2025இல் இருபது வீதமும் எட்டப்பட்டன. விரைவு வியக்கத்தக்கதே. வண்டிகளோ அவ்விரைவில் மாறவில்லை. இருபது வீதத்தைத் தாங்கும் பொருட்களால் வண்டி செய்தல் வேண்டுமென்ற முறை 2023 ஏப்பிரலிலேதான் வந்தது. தெருவில் ஓடுவனவற்றுட் பெரும்பாலன அதற்கு முந்தியன. 2025 ஓகத்தில் வண்டியுடையோர் குரலெழுப்பினர். எதனோல் கலவாத பெற்றோலும் கிடைக்க வேண்டும், கலந்த அளவு நிலையத்தில் எழுதப்பட வேண்டும் என்று கேட்ட வழக்கொன்றை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி தள்ளுபடி செய்தது.

வெப்பம் குறைவாதலின் அதிக எதனோல் கலந்த எரிபொருளின் விலையும் குறைவாக இருத்தல் வேண்டும் என்று மேற்கூறிய 2021ஆம் ஆண்டறிக்கையே எழுதியிருந்தது. அது நடைபெறவில்லை. எதனோலின் கொள்முதல் விலை பெற்றோலின் அடக்க விலையினுங் கூடிவிட்டதென்பது 2025இல் அரசு தந்த விடை. இவ்விடத்திலேதான் எம் பழைய மாணவரின் வினா எமக்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

எதிர்ப்பக்க நியாயத்தை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. மண்ணெண்ணெய் முதல் பெற்றோல் வரை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெரிது. 2014 முதல் பதினொராண்டில் 1.4 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமானதாக இந்திய அரசு கூறுகின்றது. கரும்பு விவசாயிக்கு நிலுவை விரைந்து கிடைத்தது. எதனோலின் ஒக்ரேன் எண் உயர்ந்ததாதலின், அதற்கென்றே ஆக்கிய இயந்திரத்தில் அது நன்கு உழைக்கும். இவை யாவும் உண்மை.

ஆயின் அந்த மதுசாரம் எங்கிருந்து வருகின்றது? சீனி வழியாகப் பெறும் ஒரு லீற்றர் எதனோலுக்கு ஏறத்தாழ 2,860 லீற்றர் நீர் வேண்டுமென்று அதே அறிக்கை கணக்கிடுகின்றது. மழை பொய்த்த 2023இல், சீனி குறையுமென்றஞ்சி, கரும்புச் சாற்றை எதனோலாக்குதலை அவ்வாண்டு டிசெம்பரில் இந்திய அரசே தடுத்துப் பின்னர் ஓரளவு தளர்த்திற்று. அவ்வாண்டு ஜூலையிலே எதனோலுக்கான அரசு அரிசியும் நிறுத்தப்பட்டது. பின்னர் சோளம் முன்னுக்கு வந்தது. சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் மியன்மாரிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் அதனை இறக்குமதி செய்தது. கோழி வளர்ப்போர் தீன் விலை ஏறிற்றென்று முறையிட்டனர். எண்ணெய்க்குக் கொடுக்கும் செலாவணியைக் காக்கப் புறப்பட்டுச் சோளத்துக்குச் செலாவணி கொடுப்பது எவ்வகைச் சிக்கனமோ யாம் அறியோம். பஞ்சாபில் ஸீராவுக்கு அண்மையிலுள்ள வடிசாலையொன்று நிலத்தடி நீரைக் கெடுப்பதாகக் கூறி ஊரவர் 2022 ஜூலை முதல் வாயிலில் அமர்ந்தனர். அதனை மூடுவதாக 2023 ஜனவரியில் மாநில முதலமைச்சர் அறிவித்தார்.

அமெரிக்காவில் 2005, 2007ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் சோளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எதனோலுக்குப் போகின்றது. காற்றைத் தூய்மையாக்கும் என்பது அங்கு சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகத்தின் ஏட்டில் 2022இல் வந்த ஆய்வோ, புதிதாக உழப்பட்ட நிலத்தையும் இட்ட உரத்தையும் கணக்கிற் சேர்த்தால் சோள எதனோலின் காபன் வெளியீடு பெற்றோலினும் குறைந்ததன்று, 24 வீதம் கூடியதாயிருத்தலும் இயலும் என்று முடிவு கண்டது. 1975 முதல் இவ்வழியிற் சென்ற பிறேசில் வேறு வகை. அங்கு 2003 முதல் எக்கலவையையும் ஏற்கும் கார்கள் விற்கப்படுகின்றன. மதுசாரத்தின் விலை பெற்றோல் விலையில் 70 வீதத்துக்குக் கீழிருந்தால் மதுசாரம், மேலிருந்தால் பெற்றோல் என்று ஓட்டுநரே கணக்குப் பார்க்கின்றார். பிரித்தானியா 2021 செப்ரெம்பரில் பத்து வீதக் கலவையைப் பொதுவாக்கியபோது, பழைய கார்களுக்கென ஐந்து வீதக் கலவையை உயர்ரகப் பெற்றோலில் விட்டுவைத்தது; கொள்கலத்தின் மேல் அளவையும் எழுதிற்று.

நம் நாட்டில் இத்தகைய கட்டாயம் இல்லை. பெல்வத்தை, செவனகல ஆகிய சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கப்படுகின்றது. 2020 ஜனவரி முதல் எதனோல் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. இங்குள்ள சாராயத் தொழிலுக்கே அது செல்கின்றது. சீனியில் மிகப் பெரும்பகுதியை நாம் இன்னும் வெளியிலிருந்தே வாங்குகின்றோம். அயல்நாட்டைப் பார்த்து நாமும் கலப்போம் என்று ஒரு நாள் யாரேனும் எழுந்தால், கரும்பு போதாதபடியால் கை நீளுவது சோளத்தின் பக்கமே. பதினெட்டு வளைவுக்குக் கீழே மகியங்கனைப் பக்கச் சேனைகளில் விளையும் சோளம் கோழித்தீனாகின்றது, திரிபோஷாவும் ஆகின்றது. எங்கள் தோட்டப் பகுதியில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையுடையோரும் சிகிச்சை நிலையத்தில் வரிசையில் நின்று அந்தப் பொதியைப் பெறுவதை யாம் மாதந்தோறுங் காண்கின்றோம். 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் அப்பொதி தடைப்பட்டபோது வெறுங்கையுடன் திரும்பிய தாய்மாரையுங் கண்டோம். அவர்கள் வீட்டில் வண்டி இல்லை.

எம் விடையைக் கேட்க அந்தப் பழைய மாணவர் மறுவாரம் பாடசாலைக்கே வந்துவிட்டார். விலை குறைத்து, அளவு எழுதி, கலவாததையும் பக்கத்தில் வைத்து விற்றால் கலவை என்றே சொல்லலாம் என்றோம். மூன்றும் இல்லாவிட்டால் என்றார். மற்றச் சொல்லை அகராதியில் வைத்திருப்பது எதற்காக என்றோம். அவருக்கு அதில் அத்துணை அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை; அளவுச் சாடியின் மேலேயே கண்ணாயிருந்தார். தம் கராசிலிருந்து போத்தலிற் கொண்டுவந்த பெற்றோலைத் தாமே ஊற்றி, பத்து மில்லிலீற்றர் நீரையும் விட்டுக் குலுக்கினார். நீர் பத்திலேயே நின்றது. சாடியை இரண்டு நாளைக்கு இரவல் தரும்படி விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டு வாங்கிச் சென்றார். இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் இன்றுவரை அது திரும்பி வரவில்லை.