பனிக்கடலில் படம் பிடித்தவர்

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிப்போர் நல்ல ஒளியையும் நடமாடுதற்கு எளிய இடத்தையும் நாடுவர். இவ்விரண்டும் அரிதாகிய இடம் தென்துருவப் பகுதியாகும். ஆங்குக் கடல்நீரே உறைந்து பாறைபோல் இறுகும். குளிர்காலத்தில் கதிரவன் பல வாரங்கள் தலைகாட்டுவதில்லை. அத்தகைய கொடும்பனியின் நடுவே பெரிய ஒளிப்படக் கருவியைச் சுமந்து திரிந்து, உலகம் வியக்கும் படங்களை எடுத்தவர் பிராங்க் ஹர்லி என்பவர்.

ஹர்லி 1885ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரில் பிறந்தார். தென்துருவக் கண்டத்தைக் கால்நடையாகக் கடந்துவிட வேண்டும் என்னும் நோக்கத்துடன் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1914ஆம் ஆண்டில் புறப்பட்டபோது, ஹர்லியைப் படக்கலைஞராக உடன் அழைத்துக்கொண்டார். அவர்கள் சென்ற கப்பலின் பெயர் ‘எண்டூரன்ஸ்’. தாங்கும் ஆற்றல் என்பது அதன் பொருள். அதில் இருந்தவர் 28 பேர். 1915ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெட்டல் கடலில் அக்கப்பலைப் பனிப்பாளங்கள் நாற்புறமும் சூழ்ந்து பற்றிக்கொண்டன. முன்னேறவும் இயலவில்லை, பின்வாங்கவும் இயலவில்லை. பலரும் செயலற்றிருந்த அக்காலமே ஹர்லிக்கு ஓய்வொழிவற்ற உழைப்புக் காலமாயிற்று.

அக்காலத்துப் பெரிய கருவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்தல் இயலாது. அதனை முக்காலியின்மேல் நிறுத்தி, கரிய துணியால் தலையை மூடிக்கொண்டு, பின்புறத்துள்ள மங்கற் கண்ணாடியில் தலைகீழாகத் தோன்றும் உருவத்தைத் தெளிவுறச் செய்தல் வேண்டும். பின்னர் மருந்து பூசிய கண்ணாடித் தகட்டினைச் செருகுதல் வேண்டும். ஒரு தகட்டிற்கு ஒரே படந்தான். கடுங்குளிரில் இவை யாவும் பன்மடங்கு கடினமாகும். விடும் மூச்சே கண்ணாடியின்மேல் பனியாய்ப் படியும். உலோகப் பகுதிகளை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உறையின்றி விரல்கள் நெடுநேரம் இயங்கா.

பனியின் ஒளியை அளந்தறிவதும் அரிய செயலே. ஒளியை மிகுதியாக உள்ளே விட்டால் பனிவெளி எழுதாத தாள்போல் வெறுமையாகிவிடும். குறைவாக விட்டால் கப்பலும் மாந்தரும் கரிய திட்டுகளாகிவிடுவர். கதிரவன் தாழ்ந்து நின்று பக்கவாட்டில் ஒளி வீசும்பொழுதுதான் பனியின் மேடுபள்ளங்கள் நிழலோடு புலனாகும். அவ்வேளை வரும்வரை பொறுத்திருத்தலே அக்கலைஞரின் பெருந்தொழிலாகும்.

படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. தகடுகளைக் கழுவ நீர் வேண்டும். அதற்குப் பனிக்கட்டியை உருக்குதல் வேண்டும். அந்நீரைச் சற்றே ஆறவிட்டாலும் தகடுகள் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டுவிடும். மருந்து நீரில் தோய்ந்த விரல்கள் நகத்தருகே வெடித்து நோவு தந்தன. எனினும் ஹர்லி தம் பணியைக் கைவிட்டாரில்லை.

மே மாதத் தொடக்கத்தில் மறைந்த கதிரவன் ஜூலை இறுதியில்தான் மீண்டும் தோன்றியது. அதன்பின்னும் இரவுகள் நீண்டிருந்தன. 1915 ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு, கப்பலைப் படம் பிடிக்க விழைந்தார் ஹர்லி. பளீரென எரியும் ஒளித்தூளைப் பனிமேடுகளின் பின்னே ஏறத்தாழ இருபது இடங்களில் வைத்து வெடிக்கச் செய்தார். அடுத்தடுத்து எழுந்த ஒளியால் கண் கூசி, வழி தெரியாது பனிமேடுகளில் இடறிக் குவியல்களில் விழுந்தார். இருளின் நடுவே வெண்ணிறப் பேயுருவம்போல் அக்கப்பல் விளங்கும் படம் அவ்விரவின் பயனே ஆகும்.

அக்டோபர் இறுதியில் பனியின் நெருக்குதலால் கப்பல் நொறுங்கியது. அனைவரும் பனிப்பாளத்தின்மேல் கூடாரமிட்டுத் தங்கினர். ஹர்லியின் தகடுகளோ, உள்ளே நீர் புகாவண்ணம் பற்றவைத்த தகரப் பெட்டிகளில் அடைபட்டு, சிதைந்த கப்பலினுள் கிடந்தன. நவம்பர் 2ஆம் நாள் அவர் கப்பலின் தடித்த சுவரை வெட்டித் திறந்தார். மேலாடை களைந்து, நான்கடி ஆழமிருந்த பனிக்குழம்பினுள் மூழ்கி அப்பெட்டிகளை வெளிக்கொணர்ந்தார்.

ஆயினும் அனைத்தையும் கொண்டுசெல்ல வழியில்லை. இனிச் சிறு படகுகளே துணை. அவற்றில் உணவிற்கே இடம் போதாது. ஒவ்வொருவரும் தம் உடைமைகளுள் இரண்டு இராத்தலளவே எடுத்துக்கொள்ளலாம் எனப் பணித்த ஷாக்கிள்டன், தம் பொற்காசுகளையே பனியில் எறிந்து வழிகாட்டினார். நவம்பர் 9ஆம் நாள் அவரும் ஹர்லியும் பனியின்மேல் அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாக நோக்கினர். சிறந்தவற்றை ஒருபுறம் வைத்தனர். ஏனையவற்றை ஹர்லி தம் கையாலேயே உடைத்தார். உடையாது வைத்தால் மனம் மாறி மீண்டும் எடுத்துக்கொள்ளத் தோன்றுமன்றோ? ஏறத்தாழ 400 தகடுகள் அன்று நொறுங்கின. எஞ்சியவை 150க்கு மேற்பட்டன அல்ல. பெருங்கருவிகளும் கைவிடப்பட்டன. ஒரு சிறு சட்டைப்பைக் கருவியும் மூன்று படச்சுருள்களுமே அவரிடம் எஞ்சின.

நவம்பர் 21ஆம் நாள் கப்பல் கடலுள் மூழ்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் படகுகளில் எலிபண்ட் தீவை அடைந்தனர். உதவி நாடி ஷாக்கிள்டனும் ஐவரும் படகேறிச் செல்ல, ஹர்லி உள்ளிட்ட 22 பேர் அத்தீவிலேயே காத்திருந்தனர். 1916 ஆகஸ்டு 30ஆம் நாள் அவர்கள் மீட்கப்பட்டனர். கப்பலில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தனர்; தகடுகளும் பிழைத்தன.

ஹர்லி 1962இல் மறைந்தார். 2022 மார்ச்சு 5ஆம் நாள், ஏறத்தாழ 3,008 மீட்டர் ஆழத்தில் அக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்புறத்தில் பெயரெழுத்துகள் அழியாதிருந்தன. ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக அதனை எவரும் நேரில் கண்டதில்லை. ஆயினும் அதன் தோற்றத்தை உலகம் மறவாதிருந்தது. பாடுபட்டு எடுத்தவற்றுள்ளும் காக்கத் தக்கது இது, விடத் தக்கது இது எனத் தெளிந்து, அத்தெளிவின்படி கலங்காது நடந்த ஒருவரின் உறுதியே அதற்குக் காரணமாகும்.