டாக்டரின் ஓய்வும் வியாபாரியின் கணக்கும்

பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் செனலிங், இரவில் அவசர அழைப்பு. ஐம்பதைத் தாண்டிய ஒரு டாக்டர் "போதும், விட்டுவிடலாமா?" என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் களைப்பு வேறு, கணக்கு வேறு. அந்தக் கணக்கை வியாபாரக் கண்ணால் பார்ப்போம்.

1. கடையை மகனிடம் ஒப்படைக்கலாம். நல்ல பெயரோடு விற்கவும் செய்யலாம். டாக்டரின் தொழில் அப்படியல்ல. நோயாளி வருவது அவருடைய கைராசிக்காக. கதிரையை விட்டு எழும்பிய அன்றே வருமானம் நின்றுவிடும். அதன்பின் சேமிப்புத்தான் கடை.

2. எவ்வளவு சேமிப்புப் போதும்? முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்கும் என்று 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் கணக்கிட்டார். அதாவது வருடச் செலவின் 25 மடங்கு. மாதச் செலவு 3 இலட்சம் என்றால் 9 கோடி ரூபா வேண்டும்.

இது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. இங்கே 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வட்டியைத் தவிர்த்து, சேமிப்புக்கு வருடம் 2.5 சதவீதம் ஸக்காத்தும் கொடுப்பவர் அந்த 4 சதவீதத்தை அப்படியே நம்ப முடியாது.

3. அரச சேவையில் இருப்பவர் அவசரப்பட்டு இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் ஓய்வூதிய உரிமையே பாதிக்கப்படலாம். கடிதம் எழுதமுன் ஓய்வூதியத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும்.

4. ஓய்வு பெற்றவர் சேமிப்போடு "கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நம்மிடமும் வரலாம். நமக்கு அது மேலதிக முதல்; அவருக்கோ கடைசி முதல். நட்டப்பட்டால் மீண்டும் உழைத்துச் சேர்க்க வயது இடம் தராது. ஆகவே ஒரு பகுதியை மட்டும் வாங்குங்கள். இலாப நட்டப் பங்கை எழுத்தில் வையுங்கள். மாதாமாதம் கணக்குக் காட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. இரவு அழைப்பையும் வார இறுதி செனலிங்கையும் விட்டு, வாரம் மூன்று நாள் மட்டும் நோயாளிகளைப் பார்க்கலாம். செலவில் பாதி அதிலிருந்து வந்தாலே சேமிப்பில் கைவைப்பதும் பாதியாகக் குறையும். உடம்புக்கும் ஆறுதல் கிடைக்கும், கையும் தொழிலை மறக்காது.

ஒரேயடியாக மூடிய கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவது கடினம். ஆறு மாதம் அரைக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.