குடி பெயர்ந்து ஊர் திரும்புவோர் அறிய வேண்டிய மஸாயில்கள்

வளைகுடா நாடுகளில் பத்தாண்டு, இருபதாண்டு பிழைத்துவிட்டு, மனைவி மக்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் ஊருக்கே திரும்பிவிடும் குடும்பங்கள் நம்மிடையே பல. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் இப்படித் திரும்பியவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அட்டைப் பெட்டிகளும் கயிறும் வீட்டுக்கு வந்துவிடும். கார்கோக்காரரிடம் கூலி பேசுவார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அலைவார்கள். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தில் மார்க்கத்தின் சட்டம் என்ன என்று கேட்பவர் குறைவு. உம்ராவுக்குப் போகிறவர் ஆலிமைத் தேடி வருகிறார். குடி பெயர்கிறவரோ கார்கோக்காரரோடு நின்றுவிடுகிறார். ஆகவே இது சம்பந்தமாக நம்மிடம் கேட்கப்படும் சில விஷயங்களை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கவனிக்க வேண்டியது கடனும் அமானிதமும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622-ல் மக்காவை விட்டுப் புறப்பட்ட சூழ்நிலையை எண்ணிப் பார்ப்போம். கொல்லத் துடிக்கும் கூட்டம் வீட்டைச் சூழ்ந்து நிற்கிறது. அதே கூட்டத்தார்தான் தங்கள் பொருள்களை அவர்களிடம் நம்பி ஒப்படைத்தும் இருந்தார்கள். அந்த இக்கட்டிலும் அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்தி, அமானிதங்களை உரியவர்களிடம் சேர்த்த பிறகே மதீனா வரும்படி பணித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் தங்கி, ஒன்று விடாமல் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். விரோதிகளின் பொருளுக்கே இந்தப் பேணுதல் என்றால், நமக்குக் கடன் கொடுத்துதவிய பகாலாக்காரர், வீட்டு வேலை செய்த பெண், அறைத் தோழர், சீட்டுப் பிடிப்பவர் ஆகியோரின் ஹக்கை என்னவென்பது?

“வங்கிக் கடனைக் கட்டாமல் விமானம் ஏறிவிட்டால் அவர்களால் நம்மை என்ன செய்ய முடியும்?” என்று சிலர் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். இங்கே நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கடனில் வட்டி கலந்திருப்பது தனிப் பாவம். அதற்குத் தௌபா வேண்டும். எனினும் வாங்கிய அசல் தொகை பிறர் பொருள்தான். வட்டி ஹராம் என்பதைக் காட்டி அசலை விழுங்க எந்த மத்ஹபிலும் வழியில்லை. ஷஹீதுடைய பாவங்களெல்லாம் மன்னிக்கப்பட்டாலும் கடன் மன்னிக்கப்படாது என்பது முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸ். முழுவதும் கட்ட இயலாதவர் கடன் கொடுத்தவரை நேரில் கண்டு தவணை கேட்க வேண்டும். அத்துடன் தொகையையும் பெயரையும் எழுதி வீட்டாரிடம் வஸிய்யத்தாக வைக்க வேண்டும். தலைமறைவாவது கூடாது.

அடுத்தது கார். அங்கே ஓட்டிய காரை இங்கே கொண்டு வரலாமா என்று ஆசைப்படுவோர் உண்டு. வளைகுடா நாடுகளில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன, ஸ்டியரிங் இடப்புறம். நம் நாட்டில் இதற்கு நேர்மாறு. பழைய காரை இறக்குமதி செய்ய வலப்புற ஸ்டியரிங் வேண்டும், மூன்றாண்டுக்கு மேற்பட்ட காராக இருக்கலாகாது என்பவை நம் அரசின் நிபந்தனைகள். ஆகவே விற்பதொன்றே வழி. இங்கேதான் அவசரமும் ஷைத்தானும் சேர்ந்துகொள்கின்றன. விமான டிக்கெட்டின் தேதி நெருங்க நெருங்க, கியர்ப் பெட்டியின் சத்தத்தைச் சொல்லாமல் மறைக்கவும், விபத்தில் நசுங்கியதைப் பெயிண்ட் அடித்து மூடவும் மனம் துணிகிறது. ‘வாங்குகிறவன் பார்த்துத்தானே வாங்குகிறான்’ என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறது. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, அதை ஜனங்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்ததை நாம் அறிவோம். குறையை மறைத்து விற்பது ஹராம். குறை தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. விற்றவர் கடல் கடந்து போய்விட்டால் அந்த உரிமையை அவர் யாரிடம் கேட்பார்? ஊர் திரும்புகிறவர் மற்ற வியாபாரியைவிட அதிகமாக அஞ்ச வேண்டிய காரணம் இதுவே.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி), இது அந்த விலைக்கு மேற்பட்டதாயிற்றே என்று உரியவரிடம் சொல்லி, தாமாகவே விலையை உயர்த்திக்கொண்டே போய் 800 திர்ஹம் கொடுத்தார்கள். முஸ்லிம்களுக்கு நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத்துச் செய்திருந்ததே காரணம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் இதை எடுத்தெழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் விற்கும் சகோதரரின் காரை அடிமாட்டு விலைக்குக் கேட்போரும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

காரின் மேல் கடன் பாக்கியிருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி விற்பது செல்லாது. அடகுப் பொருளின் சட்டம் அதற்கும் உரியது.

இனிச் செல்லப் பிராணிகள். “மாடிக் குடியிருப்பில் பிள்ளைகள் பிரியமாய் வளர்த்த பூனையை, ஊருக்குப் போகையில் தெருவில் விட்டுவிட்டு வரலாமா?” என்று ஒரு சகோதரி கேட்டார். ஒரு பெண் பூனையைக் கட்டிப் போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த குற்றத்துக்காக நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ‘அவள் கட்டிப் போட்டாள், நாங்கள் அவிழ்த்துத்தானே விடுகிறோம்’ என்று சிலர் வாதிக்கக் கேட்கிறோம். அந்த வாதம் பொருந்தாது. தானே இரை தேடிப் பிழைக்கும் பூனையானால் அவிழ்த்துவிடுவது விடுதலை. குட்டியிலிருந்து தட்டில் வைத்ததைத் தின்று, வெயிலே காணாமல் எட்டாவது மாடியில் வளர்ந்த பூனைக்கு, ஜூலை மாதத்துப் பாலைவன நகரத் தெரு மற்றொரு சிறைதான். பிராணிக்குத் தீனி கொடுப்பது அதை வைத்திருப்பவர் மீது வாஜிபு. மறுப்பவரைத் தீனி போடவோ விற்கவோ காழி நிர்ப்பந்திப்பார் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

ஆகவே பூனையை நன்கு கவனிக்கும் ஒரு குடும்பத்தில் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். அதற்குக் காசு வாங்காதிருப்பது பேணுதல். பூனையின் விலையைத் தடுக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு; விற்பதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்தாலும் இனாமாகக் கொடுப்பதே மேல். உடன் கொண்டுவர விரும்பினால், இரண்டாண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடியிருப்பை மாற்றி வருவோர் பூனை அல்லது நாய் இரண்டு வரை கொண்டுவர நம் நாட்டு விதியில் இடமுண்டு. வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். விலங்குத் தடுப்புக் காப்பு நிலையத்தின் அனுமதியும் வேண்டும். சென்னையில் அந்நிலையம் இருக்கிறது. இவற்றைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது. செலவும் சிறிதல்ல, வீட்டாரின் நஃபகாவில் கை வைத்துப் பூனையைக் கொண்டுவர மார்க்கம் சொல்லவில்லை.

பூனை வாய் வைத்த தண்ணீர் சுத்தமானது. அபூகதாதா (ரலி) அவர்கள் தமது உளூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனைக்குச் சாய்த்துக் கொடுத்து, அது நஜீஸல்ல, உங்களைச் சுற்றித் திரியும் பிராணி என்று நாயகம் (ஸல்) சொன்னதாக மருமகளுக்கு விளக்கினார்கள். அதன் சிறுநீரும் மலமும் நஜீஸே. நெடும் பயணத்தில் கூண்டைத் தூக்குபவர் தொழுகைக்கு வேறு உடை வைத்துக்கொள்வது நல்லது. உதிர்ந்த மயிர் ஹனஃபீ மத்ஹபில் சுத்தம். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ்; சொற்பம் மன்னிக்கப்படும். நாயைப் பொறுத்தவரை, வேட்டை, கால்நடை, பயிர்க் காவல் ஆகியவற்றுக்கன்றி அழகுக்காக வளர்ப்பதே கூடாதாகையால் அதைக் கொண்டுவரும் பேச்சுக்கு இடமில்லை. ஆயினும் வளர்த்துவிட்டவர் அதைப் பட்டினி போடலாகாது, அதுவும் உயிர்தான்.

சாமான்களைக் கட்டும்போது குர்ஆன் ஷரீஃபை மற்றப் பொருள்களுக்கு அடியில் வைக்கக் கூடாது. தனிப் பெட்டியில், மேலே வைத்துக் கட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த குடியிருப்பில் கிடக்கும் கட்டில், விசிறி, கேஸ் அடுப்பு கம்பெனிக்கே உரியவை. பழையது என்பதால் நமதாகிவிடாது. மனைவியின் மஹர் நகை அவளுடைய சொத்து. சுங்கப் பட்டியலில் கணவர் அதைத் தமதென்று எழுதலாகாது.

அந்தப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய டி.வி.யைப் பழையதென்று எழுதுவதும், ரசீதில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. ‘சுங்கம் மார்க்கத்தில் இல்லாத வரிதானே’ என்கிறார்கள். வரியைப் பற்றி உலமாக்கள் பேசட்டும். பொய்க் கையெழுத்தை ஹலாலென்று சொன்ன ஆலிம் யார்? ஒரு நாட்டில் குடியிருப்போர் அதன் விதிக்கு உடன்பட்டே குடியிருக்கிறார்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு மாயிதா சூராவின் தொடக்கத்திலேயே அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். பிறர் தரும் பார்சலைத் திறந்து பார்க்காமல் பெட்டியில் போடவும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் சிறை சென்றவர்கள் உண்டு. போதைப் பொருளாக இருந்துவிட்டால் குடும்பமே சிதறிவிடும்.

தொழுகை விஷயம். சொந்த ஊரை அடைந்ததும் முஸாபிர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. அன்றே முழுமையாகத் தொழ வேண்டும். ஆனால் கப்பலில் வரும் சாமானுக்காகச் சென்னையில் தங்க நேர்ந்தால்? வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்குவதாக நிய்யத்துச் செய்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு இல்லை. இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று எதிர்பார்த்தே நாள் கழிகிறதென்றால் 18 நாள் வரை கஸ்ரு செய்யலாம். ஹனஃபீ மத்ஹபில் 15 நாள் தங்கும் நிய்யத்து இல்லாதவரை கஸ்ருதான்.

ரமளானில் திரும்புவோர், அங்கே ஒரு நாள் முன்னதாகத் தொடங்கியிருந்தாலும், இங்குள்ளவர்களோடு சேர்ந்தே நோன்பை முடிக்க வேண்டும். 31 நோன்பானாலும் சரியே. ரமளானின் கடைசி நாள் மஃரிபு வேளையில் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் ஏழைகளுக்கே ஷாஃபிஈகளின் ஃபித்ரா சேரும். ஹனஃபீகள் பெருநாள் ஃபஜ்ரு நேரத்தைக் கணக்கில் கொள்வர். பெட்டிகள் இன்னும் கப்பலில் கிடக்கின்றன என்பதற்காகப் பழைய ஊரில் கொடுக்கச் சொல்லி எழுத வேண்டியதில்லை.