எடிட்டர் செட்டிங்ஸை எங்கே வைப்பது?

காந்திகிராமத்துக்குக் கம்ப்யூட்டர் படிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கு. அம்பாத்துரை ஸ்டேஷனில் இறங்கி வருகிறவரும் சின்னாளபட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவரும் லேபில் ஒரே மெஷினில் மாறி மாறி உட்காருகிறீர்கள். அதை மனசில் வைத்துத்தான் சொல்கிறேன்.

1. உங்கள் செட்டிங்ஸ் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கட்டும். விம் எடிட்டரின் செட்டிங்ஸ் ஃபைல் விம்ஆர்சி; இடிசி ஃபோல்டரில் இருக்கிற விம்ஆர்சி மெஷினுக்கே பொது. அதில் கை வைத்தால் அடுத்து உட்காருகிற பிள்ளைக்கும் நிறம் மாறும், டேப் மாறும். யூஎஸ்ஆர் ஷேர் அடியில் விம் கொண்டுவந்து போட்ட ஃபைல்களைத் திருத்துவது அதைவிட மோசம். அடுத்த அப்டேட்டில் திருத்தம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதில் ஏதாவது பிடிக்கவில்லையா? உங்கள் டாட் விம் ஃபோல்டருக்குள் ‘ஆஃப்டர்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே எழுதுங்கள். விம் அதைக் கடைசியில் படிக்கும். கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும்.

2. விலாசங்கள். விம்முக்கு ஹோமில் டாட் விம்ஆர்சி, அல்லது டாட் விம் ஃபோல்டருக்குள் புள்ளியில்லாத விம்ஆர்சி. நியோவிம்முக்கு டாட் கான்ஃபிக், அதற்குள் என்விம், அதற்குள் இனிட் டாட் லுவா. ஈமேக்ஸுக்கு டாட் ஈமேக்ஸ், அல்லது டாட் ஈமேக்ஸ் டாட் டி ஃபோல்டருக்குள் இனிட் டாட் இஎல். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பு முதல் டாட் கான்ஃபிக்கிலும் வைக்கலாம். அண்ணனோ அக்காவோ வாங்கிய அரசு லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: விண்டோஸ் விம் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்ட பெயரைத்தான் வழக்கமாகத் தேடும், ஃபோல்டர் பெயரும் விம்ஃபைல்ஸ்.

3. இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். லேபில் பாதிக் குழப்பம் இதனால்தான். ஹோமில் டாட் விம்ஆர்சி இருந்தால் விம் அதோடு நிறுத்திக்கொள்ளும்; டாட் விம் ஃபோல்டரில் இருக்கிற விம்ஆர்சியைத் திரும்பியும் பார்க்காது. ஈமேக்ஸும் அப்படியே: பழைய டாட் ஈமேக்ஸ் ஒன்று கிடந்தால் உங்கள் இனிட் ஃபைல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. எது படிக்கப்படுகிறது என்று எடிட்டரையே கேளுங்கள். விம்மில் கோலன் போட்டு ஸ்கிரிப்ட்நேம்ஸ் என்று அடித்தால் படித்த ஃபைல்களை வரிசையாகச் சொல்லும். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-ஹெச், பிறகு வி, பிறகு யூசர்-இனிட்-ஃபைல். இதைப் பார்க்காமல் “சார், ஒர்க் ஆகலை” என்று வராதீர்கள்.

4. புள்ளி வைத்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது. எல்எஸ்ஸோடு மைனஸ் ஏ சேருங்கள். இப்படி மறைப்பது யாரும் யோசித்து வைத்த ஏற்பாடு இல்லையாம். ஃபோல்டரையும் அதன் மேல் ஃபோல்டரையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிகளை மட்டும் ஒதுக்க எழுதிய குறுக்குவழி, புள்ளியில் தொடங்குகிற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்கிறார் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக்.

5. குழுவாகச் செய்கிற புராஜெக்டில் இடைவெளி அளவு, எழுத்துக் குறியாக்கம் போன்றவை எடிட்டர்கான்ஃபிக் ஃபைலாகப் புராஜெக்டுக்குள்ளேயே இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த நிறம் அங்கே வேண்டாம்.

6. லேப் மெஷினை என்றைக்கு வேண்டுமானாலும் ஃபார்மேட் பண்ணிவிடுவார்கள். டாட்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அசல் ஃபைலை அதில் போட்டு, ஹோமிலிருந்து சிம்லிங்க் கொடுங்கள். அந்த ஃபோல்டரை கிட்டில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் பாஸ்வேர்டு, டோக்கன் எதுவும் உள்ளே இல்லை என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை கமிட் ஆனது, பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும்.